ஆவிப் பங்கு

நாள் 402. 07:40

கண்ணீர் அஞ்சலி.

அகில உலகத்துக்கும், அதைத் தாண்டி மிதந்துகொண்டிருக்கும் சில்லறை உலகங்களுக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது யாதெனில்: ஊறல் நிலையத்தின் கடைசி எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் இன்று காலை உப்புமாவோடு இயற்கை எய்தியது. வயது பதினொரு மாதம். இறுதிச் சடங்கை அடியேனே விரலால் வழித்து நிறைவேற்றினேன். மலர் வளையம் வேண்டாம். இன்னொரு பாட்டில் அனுப்பினால் மறுக்க மாட்டோம்.

துயரத்தில் வாடும்: ரெஜின், வயது பதினேழு, உதவி மதிப்பீட்டாளர்.

இந்தக் குறிப்பேட்டை யார் எடுத்தாலும், வணக்கம். இதை எழுதுவது எனக்குத் தண்டனை. கக்கூஸ் கதவில் "பீப்பாய் 401. மிக அரியது. மெதுவாகத் திறக்கவும்" என்று லேபிள் ஒட்டினேன். அக்கா சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "தினசரிக் குறிப்பு இனிமே நீதான் எழுதுத, லே" என்றாள்.

இடம் பற்றி: இது ஒரு சிறுகோள். பாறைக்குள் குடைந்த கிடங்கில் நானூறு மரப் பீப்பாய்கள், ஒவ்வொன்றும் ஐம்பது லிட்டர். விஸ்கி, ரம், கொஞ்சம் பிராந்தி. இந்தப் பாறை ஒருமுறை சுற்ற ஆறு நாள். மூன்று நாள் வெயில், மூன்று நாள் குளிர். வெயிலில் சரக்கு மரத்துக்குள் போகும், குளிரில் வெளியே வரும். அதனால் இங்கே ஆறு வருஷம் ஊறியது, பூமியில் இருபது வருஷம் ஊறியதற்குச் சமம் என்று கம்பெனி சொல்கிறது. விலையைப் பார்த்தால் அறுபது வருஷம் ஊறியது போல இருக்கிறது.

ஆட்கள்: இரண்டு. என் அக்கா ரொசாரி, தலைமை ருசி மதிப்பீட்டாளர். அப்புறம் நான். சொந்த ஊர் தூத்துக்குடி. நாள் கணக்கு நான் வந்து இறங்கிய தேதியிலிருந்து.

நாள் 403. 11:15

ஊறுகாய் ஆவியாக வந்து பழிவாங்கிவிட்டது. நேற்று முழுக்க இரண்டு பேருக்கும் வயிறு சரியில்லை. பாட்டிலின் அடியில் பூஞ்சை. "கெட்ட வாசம் வரலியால உனக்கு?" என்று அக்கா கேட்டாள். அது பழமையின் வாசம் என்று நினைத்தேன் என்றேன். பீப்பாய் 401-இன் லேபிளை மட்டும் இப்போது இரண்டு பேரும் மதிக்கிறோம்.

இன்றைய மதிப்பீடு.

பீப்பாய் 77. மால்ட் விஸ்கி. நிறம்: நன்னாரி சர்பத். வாசம்: மழை வரப்போகிறதென்று உப்பளத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்ப்பதுபோல. நாக்கில்: முதலில் இனிப்பு, பிறகு மிளகு, கடைசியில் நெடுநேரம் நிற்கும் துவர்ப்பு. மதிப்பெண்: 97.

பீப்பாய் 112. ரம். வாசம்: யாரென்றே தெரியாத கல்யாண வீட்டில் நமக்கும் ஒரு இலை போட்டதுபோல. மதிப்பெண்: 91.

பீப்பாய் 140. பிராந்தி. வாசம்: மன்னிப்புக் கேட்க வந்தவர் வேறு எதையோ பேசிவிட்டு எழுந்து போனதுபோல. மதிப்பெண்: 74.

நாக்கு அக்காவுடையது. மூக்கு என்னுடையது. இந்தப் பிரிவினை எட்டு மாதமாக நடக்கிறது. அக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது அவளுடைய வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. காபிக்கும் வெந்நீருக்கும் அவளுக்கு இப்போது நாக்கில்தான் வித்தியாசம். கம்பெனிக்குத் தெரியாது. மூக்கு போன மதிப்பீட்டாளருக்கு இங்கே வேலை கிடையாது. ஊரிலும் எங்களுக்கு வீடு கிடையாது. அம்மா போனதோடு வாடகை வீட்டையும் காலி பண்ணிவிட்டோம்.

ஆகையால் கோப்பையில் மூக்கை விடுவது நான். மனித குலம் இந்தப் பக்கம் அனுப்பிய மூக்குகளில் இதுதான் தலைசிறந்தது என்று அடக்கத்தோடு பதிவு செய்கிறேன். குடிக்க மட்டும் அனுமதி இல்லை. ஒரு சொட்டு நாக்கில் பட்டாலும் காதைத் திருகிப் பீப்பாய்க்கு மூடியாக வைத்துவிடுவாளாம். அக்கா என்னை இப்போது "மூக்கா" என்றுதான் கூப்பிடுகிறாள்.

நாள் 405. 10:00

சரிபார்ப்பு நாள். மரத்தின் வழியாக ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் வருஷத்துக்குக் கொஞ்சம் சரக்கு ஆவியாகிப் போய்விடும். பதிவேட்டில் அதற்குத் தனிப் பத்தி, தலைப்பு "ஆவிப் பங்கு". அக்காவுக்கு முன்னால் இருந்த யாரோ வைத்த பேர். ஆறு வருஷத்தில் நானூறு பீப்பாய்க்கு என்று கணக்குப் போட்டால், இந்தப் பாறையில் உள்ள ஆவிகளில் ஒன்றால்கூட நேராக நடக்க முடியாது.

இதை அக்காவிடம் சொன்னேன். பதிவேட்டிலிருந்து நிமிராமலே சிரிப்பை அடக்கினாள். பேனா மட்டும் கொஞ்சநேரம் குலுங்கியது.

நாள் 408. 16:20

தண்ணீர்த் தொட்டிக் குழாய் வெடித்தது.

குளிர்ப் பக்கத்துக் குழாய் உறைந்து பிளந்திருக்கிறது. தண்ணீர் அதன் வழியாகப் பாறைக்கு வெளியே பீறிட்டது. அக்கா வால்வை அடைப்பதற்குள் தொட்டி முக்கால்வாசிக்கு மேல் காலி. மீதி அறுபது லிட்டர்.

எங்களுக்கு நாள் ஒன்றுக்கு ஐந்து லிட்டர் வேண்டும். குடிக்க மட்டும் இல்லை. தண்ணீரைப் பிரித்துத்தான் மூச்சுக்காற்றே தயாராகிறது. அறுபதை ஐந்தால் வகுக்க எனக்குத் தெரியும். பன்னிரண்டு நாள். செவ்வாய்ப் பக்கத்திலுள்ள கொற்கைத் தளத்திலிருந்து படகு வர இருபத்துநான்கு நாள். மிச்சத்தை எதால் வகுப்பது என்று தெரியவில்லை.

நாள் 409. 09:41

எங்கள் ஆண்டெனா பள்ளத்துக்குள் இருக்கிறது. ஆறு நாளைக்கு ஒருமுறை, நாற்பது நிமிஷம்தான் கொற்கை அதன் கண்ணில் படும். இன்று அந்த நாள். அக்கா தொட்டி அறையில் பிளந்த குழாயில் வைத்த ஒட்டு இறுகும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையை விட முடியாது. "நீ பேசு. கொணட்டாம, வெளையாடாம பேசு" என்றாள்.

09:01-க்கு நான் அனுப்பியது: "அண்ணாச்சி, இங்க தண்ணி காலி. உடனே தண்ணி அனுப்புங்க. இல்லேன்னா ரெண்டு பேரும் செத்தோம். சத்தியமா விளையாட்டு இல்ல."

கொற்கையில் பணியில் இருப்பவர் மாசாணம் அண்ணாச்சி. ஸ்ரீவைகுண்டத்துக்காரர். சேதி போய்ச்சேர பதினெட்டு நிமிஷம், பதில் வர பதினெட்டு. 09:39-க்குப் பதில் வந்தது.

"ஏ ரெஜினு, நானூறு பீப்பாய்க்கு நடுவுல உக்காந்துக்கிட்டு தண்ணி இல்லன்னு சொல்ல உனக்கு வாய் கூசலியாடே? நான் இங்க ரெண்டு மாசமாக் காஞ்சு கெடக்கேன். நீ எனக்கு ஒரு பீப்பாய் அனுப்பு. அக்காவக் கேட்டதாச் சொல்லு. வச்சிருதேன்."

பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம். 09:40-க்கு ஆண்டெனா மூடிக்கொண்டது.

அண்ணாச்சி மேல் தப்பில்லை. இதற்கு முன்னால் மூன்று முறை இதே வாசகத்தை அனுப்பியிருக்கிறேன். மூன்று முறையும் "சத்தியமா விளையாட்டு இல்ல" என்றுதான் முடித்தேன். மூன்று முறையும் அவர் சிரித்தார், நானும் சிரித்தேன்.

தண்ணீர் என்று சொல்லியிருக்கலாம். ஒரு "ர்" குறைந்ததில் ஆறு நாள் குறைந்துவிட்டது.

அக்கா பதிலைக் கேட்டாள். திட்டவில்லை. கைகள் இரண்டும் குளிரில் நீலம் பாரித்திருந்தன. அவற்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நாள் 410. 14:00

அக்காவுக்கு யோசனை வந்துவிட்டது. எனக்கு வந்திருந்தால் இங்கே வாழ்த்துச் சுவரொட்டி ஒட்டியிருப்பேன்.

பீப்பாயில் இருப்பது நூற்றுக்கு அறுபது சாராயம், நாற்பது தண்ணீர். சாராயம் சீக்கிரம் ஆவியாகும். ஆகவே காய்ச்சினால் சாராயம் மேலே போய்விடும், தண்ணீர் கீழே நிற்கும். உலகம் முழுக்கத் தண்ணீரிலிருந்து சரக்கு இறக்குகிறார்கள். நாங்கள் சரக்கிலிருந்து தண்ணீர் இறக்கப்போகிறோம்.

லேப் அறையில், பரிசோதனைக்கு வைத்திருந்த நாலு லிட்டர் கொதிகலன் இருக்கிறது. ஆவி குழாய் வழியாகப் பாறைக்கு வெளியே போய்விடும். அடியில் தங்குவது பழுப்பாக, மரம் ஊறிய தண்ணீர். அதைக் குடிப்பது. தொட்டியில் உள்ள நல்ல தண்ணீர் மூச்சுக்கு மட்டும்.

எந்தப் பீப்பாயை முதலில் காய்ச்சுவது? மதிப்பெண் பட்டியலை எடுத்தாள். குறைந்த மார்க் வாங்கியவன் முதலில். முதல் பலி, பீப்பாய் 140, என் 74.

மூடியைத் திறக்கும்போது அக்கா அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஆறு வருஷமும் அதை மாதாமாதம் உருட்டித் திருப்பி வைத்தவள் அவள்தான். "உன் மார்க்க நம்பித்தாம்ல இத ஊத்துதேன்" என்றாள்.

நாள் 411. 12:30

மதிப்பீடு, புது வரிசை.

தண்ணீர் 140. நிறம்: நாலு நாள் ஊறிய பனியன். நாக்கில்: கசப்பு, அதன் பின்னால் துவர்ப்பு, அதன் பின்னால் மேலும் துவர்ப்பு. மதிப்பெண்: 12. இதைக் குடிக்க எனக்கு அனுமதி உண்டு. ஆகவே முதல்முறையாக நாக்கும் என்னுடையதே.

ஒரு சிக்கல். கொதிகலனை ஏற்றியதிலிருந்து லேபின் ஆவி அலாரம் கூவிக்கொண்டே இருக்கிறது. பீப்பாய் லேசாகக் கசிந்தாலே கத்துவதற்காக வைத்த கருவி அது. கொதிகலனுக்குப் பக்கத்தில் அதற்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. நிஜமாகக் கசிகிறதா, வீணாகக் கத்துகிறதா என்று தெரியவில்லை. சாயங்காலம் அக்கா அதன் வயரைப் பிடுங்கினாள்.

"குழாய் அடைச்சு ஆவி உள்ள நின்னுச்சுன்னா, சுவிட்சப் போட்டதும் பத்திக்கிடும். உன் மூக்குதாம்ல இனி அலாரம். ஒவ்வொரு தடவையும் நீ மோந்து பாத்துச் சொன்ன பொறவுதான் போடுவேன்" என்றாள்.

"அபாரமான அலாரம். பேட்டரி தேவையில்லை" என்றேன்.

நாள் 415. 09:44

இந்த முறை அக்காவே பேசினாள். குடிநீர் என்றாள், தொட்டி என்றாள், லிட்டர் கணக்குச் சொன்னாள். பதினெட்டும் பதினெட்டும் முப்பத்தாறு நிமிஷம். பதிலில் முதலில் மூச்சுச் சத்தம்தான் வந்தது.

"தாயி, மன்னிச்சிரு. நான் பாவி சிரிச்சுட்டேன். படகு இப்பமே கெளம்புது. உங்க கணக்குக்கு நாள் 439-ல வந்துரும். தம்பிய ஒண்ணும் சொல்லாத. அவன் சரியாத்தான் சொல்லிருக்கான், எனக்குத்தான் காது கேக்கல."

அன்றைக்கே புரிந்திருந்தால் படகு 433-இல் வந்திருக்கும். இரண்டு பேரும் காலண்டர் பக்கம் போகவில்லை.

நாள் 422. 13:10

தண்ணீர் 58: கசப்பு, 15 மார்க். தண்ணீர் 203: புளிப்பு கலந்த கசப்பு, 19 மார்க், வகுப்பில் முதலிடம்.

காலையில் மூன்று, நான்கு தடவை லேபின் கதவில் நின்று மூச்சை இழுத்து "சுத்தம்" என்று சொல்வது என் வேலை. அக்கா சுவிட்சைப் போடுவாள். கொதிக்கும். ஆவி வெளியே போகும். ஜன்னல் வழியாகப் பார்த்தால், குழாய் முனைக்குப் பக்கத்துப் பாறையில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. அத்தனையும் ஆறு வருஷச் சரக்கு. அக்கா அதைப் பார்ப்பதில்லை. முதுகைக் காட்டி நிற்கிறாள்.

இன்று கேட்டாள், அவள் மூக்கு இனிமேல் திரும்புமா என்று. திரும்பும் என்றேன். திரும்பாவிட்டாலும் நான் இருக்கிறேனே என்றேன். கன்னத்தில் தட்டினாள். அவள் கை முழுக்க மரத்தூள்.

நாள் 428. 12:00

உப்புமா கருகிவிட்டது. புகை கண்ணில் பட்ட பிறகுதான் தெரிந்தது. நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். "மூக்கு லீவுலயா?" என்றாள் அக்கா. ஓவர்டைம் பார்த்து அசந்துவிட்டது என்றேன். அடியைச் சுரண்டிச் சாப்பிட்டோம்.

நாள் 433. 09:50

கொற்கையிலிருந்து சேதி. மாசாணம் அண்ணாச்சி வாசித்தார், எங்களைச் சிரிக்க வைக்கலாம் என்று.

"பூமியில ஏலம் நடந்திருக்கு தாயி. எழுபத்தேழாம் பீப்பாய்க்குத்தான் எல்லாரும் அடிச்சுக்கிட்டாங்களாம். அந்த உப்பளத்து மழை வாசகத்தப் படிச்சுட்டு ஒரு பெரியவரு அழுதே போட்டாராம். எழுதுன ஆளு பேரு கேக்காங்க. என்ன சொல்லட்டும்?"

அக்கா மைக்கைப் பிடித்து, தெளிவாக, "என் தம்பி பேரச் சொல்லுங்க அண்ணாச்சி. சகாய ரெஜின். மூக்கு அவனோடது" என்றாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். மைக் மூடியதும் அவளே என் பக்கம் திரும்பினாள். முகம் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அம்மாவின் அடக்கத்துக்குக்கூட அவளால் வர முடியவில்லை. நான் வந்து இறங்கிய அன்று தூரத்து உறவுக்காரியைப் போல ஒரு கையைத்தான் நீட்டினாள். இன்று என் தலையை இழுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள்.

சொல்லவில்லை.

நாள் 434. 09:20

தண்ணீர் 266. முதல் ஏற்றம்.

09:29. கொதிகலன் பாதியில் நின்றுவிட்டது. அக்கா உள்ளே பார்க்கிறாள். நான் சமையலறையில்.

09:31. இண்டர்காம்.
"லே மூக்கா. அடுப்பு மக்கர் பண்ணுது. தல லேசாச் சுத்துது, பசின்னு நெனைக்கேன். வந்து வாசம் ஏதும் நிக்குதா பாரு."

கதவு வரை போனேன். மூச்சை இழுத்தேன். "ஒண்ணும் இல்லக்கா. சுத்தம்" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"அபாரமாப் பாத்தேன்" என்றேன். கப் எடுத்து வர நடந்தேன்.

09:33. இண்டர்காம்.
"சரி, போடுதேன்."

நாள் 435. நேரம் பார்க்கவில்லை

குழாய் முனையில் பனி கட்டி அடைத்திருக்கிறது. அழுத்தமானிப் பதிவு அப்படித்தான் சொல்கிறது. முந்தின நாளிலிருந்தே ஆவி வெளியே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக லேபுக்குள் சேர்ந்து நின்றிருக்கிறது.

தீ பிடித்தால் கதவு தானாக மூடும். தீயை அணைக்க லேபின் காற்று முழுக்கத் தானாக வெளியே போகும். எல்லாம் சரியாக வேலை செய்தது. நாலு வினாடி.

கதவில் சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. நான் அதன்மேல் லேபிள் ஒட்டிவிட்டேன். எதுவும் எழுதாத லேபிள்.

நாள் 436. 08:00

ஒரு ஆளுக்குத் தண்ணீர் தாராளம். கணக்கு ஒரே ராத்திரியில் சரியாகிவிட்டது.

அஞ்சலி எழுத உட்கார்ந்தேன். "ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது யாதெனில்" வரை எழுதினேன். ஊறுகாய்க்கு நான் அதே வரியை எழுதியிருக்கிறேன்.

நாள் 437. 10:00

சரிபார்ப்பு. நானூறில் ஆறு காலி. பதிவேட்டில் "ஆவிப் பங்கு" பத்தி வந்ததும் பேனா

நாள் 438. 15:05

படகு நாளைக்கு வருகிறது. அதற்குள் ஒன்று சொல்லியாக வேண்டும். முகத்தைப் பார்த்தால் ஏதாவது ஜோக் அடித்துத் தப்பித்துவிடுவேன். அதனால் இங்கே.

எனக்கு வாசம் தெரியாது.

பிறந்ததிலிருந்தே. மல்லிப்பூ, மண்ணெண்ணெய், கருவாடு, எதுவும். மூக்கு வைத்திருக்கிறேன், கண்ணாடி போட்டால் நிற்பதற்கு. அம்மாவுக்கு மட்டும் தெரியும். எனக்குப் பத்து வயதில் கண்டுபிடித்தாள். அக்கா அதற்கு முன்பே வேலைக்கு வந்துவிட்டாள். அன்றிலிருந்து அம்மா ஒவ்வொரு வாசனையையும் வேறு எதுவாகவாவது சொல்லித் தருவாள். மல்லிப்பூ எப்படி இருக்கும் என்றால், பின்னால் யாரோ பிரியமானவர்கள் வந்து நிற்கிறமாதிரி. மழைக்கு முந்தின வாசம், உப்பளத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்க்கிறமாதிரி. பீப்பாய் 77 அதுதான். பெரியவர் அழுதது அம்மாவுக்காக. 97 மார்க் நான் சும்மா போட்டது. எல்லா மார்க்கும் சும்மா போட்டது. அந்த ஆறு பீப்பாயும் என்ன பாவம் பண்ணின என்று தெரியாது.

இங்கே வருவதற்கான விண்ணப்பத்தில் பதினாலாவது கேள்வி: மோப்பத் திறன். குறைவு, சாதாரணம், அபாரம். அபாரத்தில் டிக் போட்டேன். பரீட்சையில் முன்னால் இருந்த பெண் எழுதியதைப் பார்த்து எழுதினேன். அக்காவைத் தவிர எனக்கு வேறு ஆள் இல்லை. அக்கா இருந்த இடத்துக்கு மூக்கு இருந்தால்தான் டிக்கெட்.

அலாரத்தின் வயரை அவள் பிடுங்கிய அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவாளோ என்று பயம். எங்கே அனுப்புவாள், வழியே இல்லாத இடத்தில். அதுகூடத் தோன்றவில்லை. ஒவ்வொரு நாளும் கதவில் நின்று சும்மா மூச்சு விட்டேன். இருபத்திரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. அதனால் எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது.

தலைசிறந்த மூக்கு என்று நாள் 403-இல் எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிடவும்.

படகில் வருகிறவர்களுக்கு ஒரு வேலை. சமையலறைக்குப் பக்கத்து ஆணியில் அக்காவின் சால்வை மாட்டியிருந்தது. கொதிகலன் பக்கம் போகும்போது கழற்றி வைப்பாள். அதை முந்தாநாள் சாம்பிள் பையில் போட்டு, காற்றை எடுத்து, முத்திரை வைத்துவிட்டேன். லேபிளில் அவள் பேர் இருக்கிறது. வாசம் என்ற இடம் காலி.

உங்களில் யாருக்காவது நல்ல மூக்கு இருந்தால், ஒரே ஒருமுறை திறந்து, மோந்து, எனக்குச் சொல்ல வேண்டும். மரத்தூள், சோப்பு என்று சொல்லாதீர்கள், எனக்குப் புரியாது. எதைப் போல இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள். நான் எழுதிக்கொள்கிறேன்.